மாமனாரைத் தொட்டியில் முக்கியவள்

உக்காருங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, கால் ஆடும். இந்தப் பக்கம் வாங்க. ஏ ரங்கராசு, கடையில ரெண்டு டீ சொல்லிட்டு வா.

வெள்ளகோவில்ல இருந்து பஸ் புடிச்சு இத்தனை தூரம் வந்திருக்கீங்க. பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால நாலு எடத்துல விசாரிக்கறது தப்பே இல்லைங்க. நானா இருந்தாலும் விசாரிப்பன். என்ற சின்ன மகன் லோகநாதனைப் பத்தி ஊருக்குள்ள யாரை வேணாலும் கேளுங்க, ஒரு குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா நீங்க கேக்க வந்தது அவனைப் பத்தி இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. உள்ள வரும்போதே அந்தத் தண்ணித் தொட்டியை ஒரு பார்வை பாத்துட்டுத்தான வந்தீங்க? பெரியவன் எதுக்குத் தனியாப் போனான், மூத்த மருமக மாமனாரைத் தொட்டியில முக்குனாளாமே, நெசமா? அதுதானுங்க?

முக்கலைங்க. அதை மொதல்ல சொல்லிப்போடறன். ஊருல ஆயிரம் பேசுவாங்க. முக்கலை. தொட்டித் திட்டுல என்ற தலையைச் சாச்சு, பொடனியை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, குழாயைத் தொறந்து உட்டா. அவ்வளவுதான். மானம் போறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான், இல்லைங்கலை. ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்குதில்லைங்க.

இந்தப் பட்டறை நான் மீசை மொளைச்ச காலத்துல ஆரம்பிச்சதுங்க. நாமக்கல் சுத்துவட்டாரத்துல எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் நாச்சிமுத்து பட்டறைன்னா தெரியும். லாரியை ஆர்டிஓ முன்னால கொண்டுபோய் நிறுத்தி, ஓடத் தகுதின்னு எப்சி சர்ட்டிபிகேட்டு வாங்கோணுமில்லைங்க, அதுக்கு முன்னால துருவெல்லாம் எடுத்து, ஓட்டையை ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, மாப்பிள்ளையாட்டம் ஆக்கிக் குடுக்கறது நம்ம வேலை. தூத்துக்குடியில உப்பு ஏத்துற வண்டி வரும் பாருங்க, சேசிஸ் அப்பளமாட்டம் இருக்கும். மத்த பட்டறையில உப்புத்தாளை வெச்சுத் தேய் தேய்னு தேச்சுட்டுக் கெடப்பாங்க. நம்மகிட்ட மருந்து இருக்குது. நானே என்ற கையால கலக்கற மருந்து. கெட்டி ஆசிட்டு, அதுல இன்னொரு சாமான், இன்னும் ஒண்ணு. என்னன்னு மட்டும் கேக்காதீங்க, தொழில் ரகசியம். பிரஷ்ஷுல தொட்டு ஒரு இழுப்பு இழுத்தா, துரு நொரைச்சுக்கிட்டு ஓடும். பாக்கறதுக்கே அழகா இருக்குமுங்க. கொஞ்சம் பொகையும். பொகையாத மருந்து என்ன மருந்து?

ஏனுங்க, மூக்கைப் பொத்தறீங்க? நெடியா? பழகிருமுங்க. எனக்கு இப்ப எந்த நெடியுமே தெரியறதில்லை. ஊட்டுல கருவாடு வறுத்தாக்கூடத் தெரியறதில்லைன்னா பாத்துக்குங்களேன், அந்த அளவுக்குப் பழகிப்போச்சு.

உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. இத்தனை வருசமா வெறுங்கையில தொடறன், எனக்கு என்ன ஆச்சு? இந்தா பாருங்க கையை. ரேசன் கடையில அந்த மெசின்ல மட்டும் என்ற ரேகை உழுகறதில்லை. பத்து வெரலையும் மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தாச்சு. மெசினு சரியில்லைங்க. அரிசியே சரியில்லை, மெசினு எப்படிச் சரியா இருக்கும்? இருமலு கொஞ்சம் உண்டு. அது பரம்பரை, எங்கப்பனுக்கும் இருந்துது. அவரு நாளெல்லாம் பீடி குடிச்சாரு, நான் குடிக்கறதில்லை. ஆனாலும் பரம்பரைன்னு ஒண்ணு உடுமுங்களா?

இப்படிப் போயிட்டிருந்த பட்டறைக்குத்தான் கோகிலவாணி மருமகளா வந்தா. பவானிப் பக்கத்துப் பொண்ணு. கெமிஸ்ட்ரியில எம்மெஸ்ஸி. பொண்ணு பாக்கப் போனப்பவே என்ற கொழுந்தியா காதுல சொன்னா, "மாமா, படிச்ச புள்ளை, பாத்து." நான்தான் பெருந்தன்மையா, படிச்சா என்ன, சமையக்கட்டுல உப்பு புளி அளக்க அந்தப் படிப்பு ஆகாதான்னு சொல்லிக் கட்டி வெச்சன்.

கல்யாணம் ஆகி மூணாவது நாளுங்க. என்ற பெரியவன் மோகனசுந்தரத்துக்கு டீ கொண்டுக்கிட்டு பட்டறைக்குள்ள வந்தா. வந்தவ அப்படியே நின்னுட்டா. "மாமா, இதுல என்னென்ன கலந்திருக்கீங்க?" நான் சிரிச்சுக்கிட்டே தொழில் ரகசியம்னேன். "அந்தக் கலர் பாட்டில்ல இருக்கறதும் அதுதானுங்களா?"ன்னா. ஆமா, மிச்சம் ஆனதைக் கலர் குடிச்ச பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்தன். எல்லாப் பட்டறையிலயும் அப்படித்தானுங்க வெப்பாங்க. யாரும் எடுத்துக் குடிக்க மாட்டாங்க, அது எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை டிரைவர் ஒருத்தரு எடுத்து வாயில வெச்சுட்டாரு, ஆனா குடிக்கலை. துப்பிட்டாரு. ரெண்டு வாரம் கஞ்சிதான் குடிச்சாரு, அதுவும் ஒடம்புக்கு நல்லதுதான?

மக்யா நாள் விடிஞ்சு வந்து பாத்தா, அத்தனை பாட்டிலும் காணோம். மூடி போட்ட கேனுல மாத்தி, மேல சோப்பு டப்பா அட்டையில மண்டையோடு படம் வரைஞ்சு ஒட்டி வெச்சிருக்கறா. ஏனுங்க, இது தொழில் பண்ற எடம். லட்சுமி படம் மாட்டியிருக்கற எடம். அந்த மகாலட்சுமி முன்னால மண்டையோட்டைக் கொண்டாந்து ஒட்டுனா வெளங்குமுங்களா?

அதோட உட்டாளா? ரப்பர் கையுறை, கண்ணை மூடற கண்ணாடி, முன்னால கட்டிக்க ஒரு ரெக்சின் துணி, எல்லாம் வந்துது. இந்த ரங்கராசு இருக்கறானே, நம்ம பெயிண்டரு, அவன் அதையெல்லாம் மாட்டிக்கிட்டு நின்னான் பாருங்க, சந்திரனுக்குப் போறவனாட்டம். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்து வலி. மழை பேஞ்சா ஷட்டரை எறக்கித்தான வேலை செய்யோணும்? இவ வந்து ஏத்தி உட்டுருவா. "மாமா, காத்து வேணும்." காத்து வேணும்னா காங்கேயத்துக்குப் போ, பட்டறையில எதுக்குன்னேன்.

அப்பறம் கழுவறது. மருந்து போட்ட பொறவு சோடா மாவைக் கரைச்சுக் கழுவோணுமாம், அதுக்கப்பறம் நல்ல தண்ணியில கழுவோணுமாம், அப்பறம் தொடைச்சு உடனே பிரைமர் அடிக்கோணுமாம். இல்லைன்னா ஆசிட்டு இடுக்குல தங்கி, மறுக்காவும் துருப்புடிக்குமாம். லாரியைக் கழுவறமா, சாமிக்கு அபிசேகம் பண்றமா? நம்மகிட்ட வந்த வண்டி அடுத்த மழைக்குத் திரும்பி வரும், வாஸ்தவந்தான். திரும்பி வந்தாத்தானுங்க தொழிலு!

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொன்னா பாருங்க, "மாமா, கலக்கும்போது தண்ணியிலதான் ஆசிட்டைக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்தோணும். ஆசிட்டுல தண்ணியை ஊத்தவே கூடாது." எனக்கு வந்துது பாருங்க சிரிப்பு. ஏங்கண்ணு, சோத்துல கொழம்பை ஊத்துனா என்ன, கொழம்புல சோத்தைப் போட்டா என்ன, வயித்துக்குள்ள ஒண்ணுதானேன்னேன். லாரிக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. "மாமா, அது சோறில்லைங்க"ன்னா. அவளுக்கு நையாண்டி புரியாதுங்க. அதுதான் படிச்சவங்ககிட்ட இருக்கற கொறை.

இப்ப விசயத்துக்கு வர்றன்.

பங்குனியில மாரியாத்தா நோம்பி. ஊடு நெறைய ஒறம்பரை. வாசல்ல பந்தல் போட்டு, பங்காளிங்க, சம்பந்தி ஊட்டுக்காரங்க எல்லாம் உக்காந்து கச்சாயம் தின்னுக்கிட்டு இருக்கறாங்க. அன்னிக்குப் பாத்து லாரிக்காரர் தண்டபாணி வந்து கழுத்துல உக்காந்துட்டாரு. மக்யா நாள் காலையில அவரு வண்டிக்கு எப்சி. ரங்கராசு தீர்த்தக்கொடம் எடுக்கப் போயிட்டான். மோகனு, "அப்பா, நோம்பி முடியட்டும், பொழுதோட நான் செஞ்சு தர்றன்"னான். பொழுதோட என்ன பொழுதோட? நாச்சிமுத்து வாக்குக் குடுத்தா அப்பவே செய்வான். புது வேட்டி, புதுச் சட்டை, நெத்தி நெறைய துண்ணூறு, அப்படியே போய் வாளியை எடுத்தன். வாளியில கெட்டி ஆசிட்டு இருந்துது. கொஞ்சம் வீரியம் கொறைக்கலாம்னு ஒரு போகிணித் தண்ணியைக் கையில எடுத்தன்.

தண்டபாணிக்குக் கச்சாயம் கொண்டுக்கிட்டு இவ வந்தா. வந்தவ வாசப்படியில நின்னு, "மாமா, ஊத்தாதீங்க!"ன்னு ஒரு கத்து கத்துனா பாருங்க. அந்தக் கத்துலதானுங்க என்ற கை தடுமாறுச்சு. போகிணித் தண்ணி மொத்தமும் வாளிக்குள்ள உழுந்துது. கொதிக்கற எண்ணெய்ச் சட்டியில தண்ணி உழுந்தாப்பல படபடன்னு தெறிச்சு, என்ற ரெண்டு கண்ணுலயும், கன்னத்துலயும், நெஞ்சுலயும்... அவ கத்தாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். யாரும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க.

எரிச்சலா? எரிஞ்சுதுங்க. இல்லைங்கலை. கண்ணுக்குள்ள மொளகாயை அரைச்சு அப்பி, மேல நெருப்புக் கங்கை வெச்சாப்பல இருந்துது. ஆனா ஆம்பளை, தாங்கிக்கிட்டு நின்னன். "ஐயோ அம்மா"ன்னு நான் அலறுனதாத் தண்டபாணி சொல்லிட்டுத் திரியறாரு. அதை நம்பாதீங்க.

கண்ணைக் கசக்கப் போனன். கையைத் தட்டி உட்டா. கச்சாயத் தட்டு எங்கியோ போய் உழுந்த சத்தம் கேட்டுது. என்ற சட்டைக் காலரைப் புடிச்சா. மாமனாரு சட்டைக் காலருங்க! எங்க வழக்கத்துல மருமக மாமனாருக்கு எதுக்க நிமிந்து நிக்க மாட்டா. இவ காலரைப் புடிச்சு, மாட்டை இழுக்கறாப்பல, பட்டறையில இருந்து வாசல் வரைக்கும் தரதரன்னு இழுத்துட்டுப் போறா. "மோகன், மாமாவைப் புடிங்க! யாராச்சும் ஓடுங்க, மோட்டாரைப் போடுங்க!" அந்தப் பையனும் பெத்த அப்பனை இந்தப் பக்கம் புடிச்சு இழுக்கறான். நான் என்ன களவாணியா?

தொட்டித் திட்டுல தலையைச் சாச்சா. குழாயைத் தொறந்தா. கட்டை வெரலால இமையைப் பிரிச்சுப் புடிச்சுக்கிட்டு, கண்ணுக்குள்ள நேராத் தண்ணியை உடறா. நான் திமிர்றன். பொடனியில ஒரு அமுக்கு. "மாமா, கண்ணைத் தொறங்க. தொறங்க மாமா, சாமி, கண்ணு, தொறங்க." என்னையக் கண்ணுங்கறா, சாமிங்கறா, நான் அவளைத் திட்டாத திட்டு இல்லை. நீங்க சம்பந்தி ஆகப்போறவங்க, அந்த வார்த்தையெல்லாம் உங்க முன்னால சொல்ல முடியாது. காதுலயே வாங்கலையே அவ! சட்டையிலயும் ஆசிட்டு இருக்குதுன்னு நடு வாசல்ல என்ற சட்டையைக் கிழிச்சுப் போட்டா. புதுச் சட்டை. இந்தத் திமிர்ற திமிர்ல வேட்டியும் அவுந்து போச்சுங்க. பந்தல் நெறைய ஒறம்பரை, கையில கச்சாயம், நடுவுல நான் பட்டாபட்டி டவுசரோட.

என்ற ஊட்டுக்காரி வெளக்கெண்ணெய்க் கிண்ணத்தோட ஓடியாந்தா. கண்ணெரிச்சலுக்கு வெளக்கெண்ணெய் உட்டாக் குளுந்து போகும், கொழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் கிண்ணத்தை இவ ஒரே தட்டு. "அத்தை, தண்ணியைத் தவிர வேற எதுவும் கண்ணுல படக் கூடாது!" எங்க பங்காளி ஒருத்தரு தாய்ப்பால் உடலாம்னு சொல்லிப் பந்தலுக்குள்ள கைப்புள்ளைக்காரியைத் தேடிட்டுப் போனாரு. நல்ல மனுசன். அவரையும் ஒரு மொறை மொறைச்சா.

அரை மணி நேரமுங்க. அரை மணி நேரம் அந்தக் குழாய் நிக்கலை. டேங்கே காலி. நோம்பிக்குச் சமைக்கத் தண்ணி இல்லை. எனக்குப் பல்லு கிடுகிடுன்னு ஆடுது, எரிச்சல் கொறையுது, மானம் மட்டும் போயிட்டே இருக்குது. அதுக்கப்பறம் ஈரத் துணியோட கார்ல போட்டு கண்ணாசுபத்திரிக்குக் கொண்டு போனாங்க. வழியெல்லாம் பாட்டில்ல தண்ணியை வெச்சு ஊத்திக்கிட்டே வர்றா. கார் சீட்டெல்லாம் நனைஞ்சு போச்சு.

அங்க ஒரு டாக்டரம்மா. லைட்டு அடிச்சுப் பாத்தாங்க. கண்ணுக்குள்ள ஒரு காயிதத் துண்டை வெச்சு எடுத்துப் பாத்தாங்க. "யாரு தண்ணி ஊத்துனது?"ன்னாங்க. நான் உடனே புகார் சொல்லலாம்னு, "இவதானுங்க, பாருங்க பொடனியில வெரல் தடம்"னேன். அந்தம்மா இவ தோளைத் தட்டி, "நல்ல வேலை பண்ணுனீங்க. இல்லைன்னா இவரு ரெண்டு கண்ணும் போயிருக்கும்"னாங்க. படிச்சவங்களுக்குப் படிச்சவங்க சப்போர்ட்டு. இதெல்லாம் ஒரு சங்கமுங்க.

நான் கேக்கறன், இப்ப என்ற கண்ணு நல்லாத்தான இருக்குது? ரெண்டு கண்ணும் தெரியுதில்ல? அப்ப அன்னிக்கு ஒண்ணும் ஆகலைன்னுதான அர்த்தம்? ஒண்ணும் ஆகாததுக்கு எதுக்குங்க அத்தனை ஆர்ப்பாட்டம்? சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணுல ஓரத்துல மட்டும் கொஞ்சம் பொகை மூட்டமா இருக்கும். அது வயசு. அதென்னங்க, மடியில வெத்தலைப் பையா? ஓ, செல்போனுங்களா. பாத்தீங்களா, தெரியுது, தெரியுது.

அந்த வாரமே நாலு பெரிய மனுசங்களைக் கூப்புட்டு உக்கார வெச்சன். ஊரு பாக்க என்னைய அவமானப்படுத்துனவ, ஊரு பாக்க என்ற கால்ல உழுகோணும்னேன். உழுந்தாளுங்க. அதுக்கு ஒண்ணும் தயங்கலை. "பெரியவங்க கால்ல உழுகறதுக்கு என்னுங்க மாமா"ன்னு நெடுஞ்சாண்கடையா உழுந்தா. எனக்கும் மனசு கொஞ்சம் எளகிப் போச்சு. எந்திரிச்சு நின்னு சொல்றா, "ஆனாத் தப்புப் பண்ணிட்டன்னு சொல்ல மாட்டனுங்க மாமா. நாளைக்கு ஆசிட்டுப் பட்டா நாளைக்கும் புடிச்சு அமுக்குவன்."

கூடத்துல யாரோ சிரிச்சாங்க. யாருன்னு திரும்பிப் பாத்தா, என்ற ஊட்டுக்காரி.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துது. இந்தப் பட்டறையில ஒண்ணு என்ற மருந்து இருக்கோணும், இல்ல நீ இருக்கோணும்னு சொல்லிட்டன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்க. பொண்ணாப் பொறந்தவ அழுவா, சமாதானம் பேசுவா, நாமளும் போனாப் போகுதுன்னு உடலாம்னு ஒரு கணக்கு. கணக்குத் தப்பிப் போச்சு. மோகனு எந்திரிச்சான். "அப்ப நாங்க ரெண்டு பேரும் கெளம்பறமுங்கப்பா"ன்னான். சத்தம் போடலை, மொறைக்கலை, நெதானமாச் சொன்னான். அதுதானுங்க எனக்கு இன்னும் ஆறலை. சண்டை போட்டுட்டுப் போயிருந்தாப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பன்.

பரமத்தி ரோட்டுல பட்டறை போட்டிருக்கறாங்க. கண்ணாடி மாட்டிக்கிட்டு, கையுறை போட்டுக்கிட்டு, ஆசுபத்திரியாட்டம். அந்த மாதிரி எடத்துக்கு எவன் வண்டி உடுவான்னு நான் பந்தயமே கட்டுனன். உடறாங்க. அது வேற விசயம். தண்டபாணி வண்டியெல்லாம் இப்ப அங்கதான். ஜனங்களுக்குப் புதுசு மேல ஒரு மோகம், அடங்கிரும். ரங்கராசு இன்னும் இங்கதான் இருக்கறான், விசுவாசி. சாயங்காலம் மட்டும் அங்க போறானாம். கால் வலிக்கு நடக்கப் போறேங்கறான்.

லோகநாதனுக்கு நல்ல எடத்துல பொண்ணு எடுத்து, மருமக எப்படி இருக்கோணும்னு ஊருக்குக் காட்டோணும்னுதானுங்க எனக்கு ஆசை. உங்க பொண்ணு அடக்கமான பொண்ணுன்னு கேள்விப்பட்டன்...

என்னங்க? பரமத்தி ரோட்டுக்குப் போயிட்டுத்தான் இங்க வர்றீங்களா? இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? இத்தனை நேரம் நான் தொண்டை வறளப் பேசிட்டு இருக்கறன்.

என்ன சொன்னா? மறைக்காமச் சொல்லுங்க. கோள் சொல்லியிருப்பா, எனக்குத் தெரியும்... மாமா நல்லவருன்னாளா? அவளா? பொண்ணைத் தாராளமாக் குடுங்கன்னாளா? ம்... கண்ணுக்குச் சொட்டு மருந்து உடறாரான்னு கேட்டாளா? உடறன்னு சொல்லுங்க. இல்ல, வேண்டாம், நானே சொல்லிக்கறன். எப்பவாச்சும் பாத்தாச் சொல்லிக்கறன்.

செரி, உங்க பொண்ணு என்ன சொல்லுது? அதுவும் கூட வந்து அவகிட்டப் பேசுச்சா? கண்டிசனா? சொல்லுங்க, நம்மளால ஆகறதுன்னா...

குழாயா?

ஏனுங்க, கார் கேட்ட மாப்பிள்ளை ஊட்டைப் பாத்திருக்கறன், தோட்டம் கேட்டவனைப் பாத்திருக்கறன். பொண்ணூட்டுக்காரங்க தண்ணிக் குழாய் கேட்டு இப்பத்தானுங்க பாக்கறன். பட்டறைக்கு உள்ளயே, மருந்து போடற எடத்துக்குப் பக்கத்துல, எப்பவும் தண்ணி வர்ற குழாய். ம். யோசிச்சுப் பாத்தா அது ஒண்ணும் தப்பில்லைங்க. அன்னிக்கு உள்ளயே குழாய் இருந்திருந்தா அத்தனை ஒறம்பரையும் பாத்திருக்காதில்ல? எது நடந்தாலும் ஷட்டருக்குள்ள நடந்து முடிஞ்சிருக்கும். போட்டுரலாம். இதை நானே நெனைச்சிருந்தன், கேட்டீங்களா, மறந்து போச்சு.

மருந்தா? கடையில பேரு போட்டு அடைச்சு விக்கறதைத்தான் வாங்கோணுமா? அதுல எழுதியிருக்கற மாதிரிதான் செய்யோணுமா? பூட்டி வேற வெக்கோணுமா? என்ற மருந்து பரம்பரை... செரி, எனக்கு முன்னால யாரும் கலக்கலை, என்னோட ஆரம்பிச்ச பரம்பரை. பாக்கலாம். லோகு பாத்துக்குவான்.

கண்ணாடி? லோகு மாட்டிக்குவானுங்க, சின்னப் பையன், அழகா இருக்கும். நானுமா? இல்லைங்க. அது மட்டும் நடக்காது. இந்த மூஞ்சியில கண்ணாடியை மாட்டிக்கிட்டு நான் ரோட்டுல போனா நாய் கொலைக்கும். சம்பந்தம் பேச வந்த எடத்துல மாப்பிள்ளையோட அப்பனுக்கு வேசம் போடச் சொல்றது எந்த ஊரு நாயமுங்க? இதுல மட்டும் நாச்சிமுத்து எறங்கி வர மாட்டான்.

என்னங்க, எந்திரிக்கறீங்க? டீ இன்னும் வரலையே. உக்காருங்க. அட, உக்காருங்கன்னா. பஸ்ஸு அரை மணிக்கு ஒண்ணு இருக்குது. கண்ணாடியைப் பத்திப் பொறவு பேசிக்கலாம்.

ஏனுங்க, பொண்ணு என்ன நட்சத்திரம்னீங்க?